பதினான்கு மாத்திரைகளில் முதலில் எதைத் தொடுவது?

கடிதத்தின் சுருக்கம்

சென்னையில் வேலை பார்க்கும் 49 வயது வாசகி ஒருவர் தன் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு வயது 76, எடை 45 கிலோ. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 82 வயது அப்பாவோடு இருக்கிறார். பதினெட்டு வருடமாக பிரஷர், பதினான்கு வருடமாக சுகர், இரண்டு முழங்காலும் தேய்மானம். மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை, இரவில் பாத்ரூம் போகும் வழியில் விழுந்திருக்கிறார். கை நடுங்குகிறது, அடி குறுகித் தரையை உரசுகிறது, கால் வீங்குகிறது, கேட்டதையே திரும்பக் கேட்கிறார். விடிகாலை நாலு மணிக்குப் புடவை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. “வயசாயிடுச்சு, மறதி நோய் ஆரம்பம்” என்கிறார் வாசகியின் அண்ணன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன வாசகி, பிரிட்ஜ் மேல், தலையணைக்கடியில், ஹார்லிக்ஸ் பாட்டிலில், சாமி அலமாரியில் என்று தேடி எல்லா மருந்தையும் ஒரு துண்டில் கொட்டி எண்ணியிருக்கிறார். பதினான்கு. டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த பிரஷர் மாத்திரை, அம்லோடிபினும் அட்டெனலாலும் சேர்ந்த இன்னொன்று, கிளிமெபிரைடு 2 மி.கி.யும் மெட்ஃபார்மின் 500 மி.கி.யும் சேர்ந்த சுகர் மாத்திரை காலையும் இரவும், ஆஸ்பிரின் 75, ராபெப்ரசோலும் லெவோசல்பிரைடும் சேர்ந்த கேஸ் மாத்திரை, கால் வீக்கத்துக்கு ஃபுரோசமைடு, தலைசுற்றலுக்கு சின்னரிசின் மூன்று வேளை, முழங்காலுக்கு அசெக்ளோஃபெனாக், பதினொரு வருடமாகத் தூக்கத்துக்கு அல்பிரசோலம் 0.5, கால்சியம். இவை தனியார் மருத்துவர்கள் மூன்று பேர் வெவ்வேறு காலத்தில் எழுதியவை. வீட்டுக்கே வரும் அரசு மாத்திரைகளில் அம்லோடிபின் 5, மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை. வலி கூடும் நாளில் மெடிக்கலில் பொட்டலமாக வாங்கும் ‘செட்’. கடைசியாக, பெயர் ஒட்டாத டப்பாவில் ஒரு மூட்டுவலி லேகியம். இது போக, நடுக்கத்துக்கென்று ட்ரைஹெக்ஸிஃபெனிடில் சென்ற வாரம் எழுதப்பட்டிருக்கிறது. இன்னும் வாங்கவில்லை.

கடைசி ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.2, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.1. உட்கார்ந்த நிலையில் பிரஷர் 118/70. “ரிப்போர்ட் எல்லாம் நார்மல். தூக்க மாத்திரையையும் வலி மாத்திரையையும் இன்றே நிறுத்திவிடலாமா? இது மறதி நோய்தானா? எல்லாவற்றையும் விட்டு சித்த மருந்துக்கு மாறலாமா? சொன்னால் கேட்கமாட்டார். ‘என் உடம்பு எனக்குத் தெரியும்டி’ என்பார். அவருக்குத் தெரியாமல் எடுத்து வைத்துவிடலாமா?” இவை வாசகியின் கேள்விகள்.

மருத்துவரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

துண்டில் கொட்டி எண்ணினீர்களே, அது பெரிய வேலை. அந்தப் பதினான்கையும் ஒரே நேரத்தில் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான். எழுதிய மருத்துவர் ஒவ்வொருவரும் தன் சீட்டைத்தான் பார்த்தார். அரசு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் தன் பதிவேட்டைப் பார்த்தார். மெடிக்கல்காரர் எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும். ஆபத்து, அவை ஒன்றோடொன்று சேர்ந்த இடத்தில் இருக்கிறது.

உங்கள் அம்மாவை நான் பரிசோதிக்கவில்லை. ஆகவே கீழே இருப்பது மருந்துச் சீட்டு ஆகாது. அவரைப் பார்க்கப்போகும் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதற்கான குறிப்பு. வரிசை மிக முக்கியம். இவற்றில் இந்த வாரமே கை வைக்க வேண்டியவை உண்டு. ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகக்கூடியவையும் உண்டு. நீங்கள் முதலில் நிறுத்த நினைக்கும் தூக்க மாத்திரை, என் வரிசையில் கடைசியில் நிற்கிறது.

ரிப்போர்ட் நார்மல் இல்லை

ஹெச்பிஏ1சி 6.2 என்பதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். நாற்பது வயதுக்காரருக்கு அது நல்ல எண். எழுபத்தைந்து தாண்டி, பல நோய்களோடு, விழுந்தும் எழுந்தும் இருப்பவருக்கு 8-க்குள் இருந்தால் போதும் என்பதே முதியோர் மருத்துவத்தின் நிலைப்பாடு. கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு 6.2 வருகிறதென்றால், நாளில் ஏதோ ஒரு நேரத்தில் சுகர் தரைதட்டுகிறது என்றே சந்தேகப்பட வேண்டும். விடிகாலை நாலு மணி வியர்வை அந்தச் சந்தேகத்தை வலுவாக்குகிறது. சுகர் இறங்கும்போது படபடப்பும் நடுக்கமும் வந்து எச்சரிக்கும். அட்டெனலால் அந்த இரண்டையும் அமுக்கிவிடும். வியர்வையை மட்டும் அதனால் அமுக்க முடியாது. அம்மாவுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே அபாய மணி அந்த நனைந்த புடவை.

கிரியாட்டினின் 1.1 என்பதும் ஏமாற்றும் எண். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. 45 கிலோ எடையுள்ள மூதாட்டிக்குத் தசையே குறைவு. அதனால் சிறுநீரகம் பாதி வேலை செய்தாலும் எண் ஏறாது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை வயதையும் எடையையும் சேர்த்துப் போடும் காக்ராஃப்ட்-கால்ட் கணக்கை நீங்களே போடலாம். 140-இலிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்குங்கள், 64 × 45 = 2,880. அதை 72 × 1.1-ஆல், அதாவது 79.2-ஆல் வகுத்தால் சுமார் 36. பெண்களுக்கு 0.85-ஆல் பெருக்க வேண்டும். வருவது ஏறக்குறைய 31. லேப் சீட்டில் இ.ஜி.எஃப்.ஆர். என்று வரும் வடிகட்டும் திறன் வேறு சூத்திரத்தில் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். எப்படிப் பார்த்தாலும் அது முழுச் சிறுநீரகம் இல்லை. உடலிலிருந்து வெளியேற வேண்டிய மருந்து மெதுவாக வெளியேறுகிறது, அடுத்த வேளை மாத்திரை அதன் மேல் வந்து சேர்கிறது.

இப்போது மெட்ஃபார்மினைக் கூட்டிப் பாருங்கள். தனியார் மாத்திரையில் 500 இரண்டு வேளை, அரசு மாத்திரையில் 500 இரண்டு வேளை, ஆக 2,000 மி.கி. வடிகட்டும் திறன் 45-க்குக் கீழே போனால் நாளைக்கு 1,000-க்கு மேல் வேண்டாம், 30-க்குக் கீழே வேண்டவே வேண்டாம் என்பது விதி. அம்லோடிபினும் அப்படித்தான் இரட்டிப்பாகியிருக்கிறது. ஓர் அட்டையில் கம்பெனி பெயர் பெரிதாக இருக்கும், இன்னொன்றில் மருந்தின் பெயரே இருக்கும். நிறமும் வேறு. இரண்டும் ஒன்றே என்று அம்மா எப்படிக் கண்டுபிடிப்பார்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நல்ல திட்டம், அதில் குறையில்லை. “எனக்கு வெளியிலும் மாத்திரை எழுதியிருக்கிறார்கள்” என்று அந்தத் தன்னார்வலரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை வரும்போது தனியார் சீட்டின் நகலை அவர் கையில் கொடுங்கள். இரண்டில் ஒரு வழியை வைத்துக்கொள்ளலாம், இரண்டையும் வேண்டாம்.

ஒரு மாத்திரை இன்னொன்றைக் கூட்டி வந்த கதை

உங்கள் பட்டியலை, தொடங்கிய தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். முழங்கால் வலிக்குப் பத்து நாளைக்கு எழுதிய அசெக்ளோஃபெனாக் நிற்காமல் ஓடுகிறது. அந்த வகை வலி மாத்திரை உடலில் உப்பையும் நீரையும் தேக்கும், பிரஷரை ஏற்றும், வயிற்றை எரிக்கும். பிரஷர் ஏறியதால் அம்லோடிபின் சேர்ந்தது, வயிறு எரிந்ததால் கேஸ் மாத்திரை சேர்ந்தது. அம்லோடிபின் இரட்டிப்பானதும் கால் வீங்கியது. அந்த வீக்கம் ரத்தக் குழாய் விரிவதால் வருவது, உடலில் நீர் மிஞ்சியதால் அல்ல. அதனால் ஃபுரோசமைடு கொடுத்தாலும் பெரிதாக வடியாது. ஆனால் சிறுநீர் மட்டும் நிறையப் போகும், இரவில் எழ வைக்கும், எழுந்து நிற்கையில் பிரஷரைச் சரிக்கும். தலை சுற்றியது. தலைசுற்றலுக்கு சின்னரிசின். சின்னரிசினும், கேஸ் மாத்திரையில் ஒளிந்திருக்கும் லெவோசல்பிரைடும் மூளையில் அசைவை ஒழுங்குபடுத்தும் டோபமைனின் வேலையைத் தடுப்பவை. மாதக்கணக்கில் சாப்பிட்டால் கை நடுங்கும், முகம் இறுகும், அடி குறுகும். பார்ப்பவர்கள் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய் என்பார்கள். இப்போது அந்த நடுக்கத்துக்குப் பதினைந்தாவதாக ட்ரைஹெக்ஸிஃபெனிடில்.

தயவுசெய்து அந்தப் பதினைந்தாவதை மருத்துவரிடம் திரும்பப் பேசாமல் வாங்க வேண்டாம். வயதானவர்களுக்கு அது ஞாபகத்தைக் குழப்பும், வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், சிறுநீரை நிறுத்தும். இருக்கிற மறதி இரட்டிப்பாகி, ‘மறதி நோய்’ என்ற பெயர் நிலைத்துவிடும். அப்புறம் அதற்கு ஒரு மாத்திரை.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில், மறதி நோயா என்று இப்போது முடிவு கட்ட வேண்டாம். இரவில் இறங்கும் சுகர், பதினொரு வருட அல்பிரசோலம், இரண்டு வகை நீர் மாத்திரையால் (ஃபுரோசமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு) குறையக்கூடிய சோடியம், நீண்ட நாள் மெட்ஃபார்மினால் குறையக்கூடிய பி12 வைட்டமின், இவற்றில் எது ஒன்றும் தனியாகவே ஆளைக் குழப்பிவிடும். இவற்றைச் சரிசெய்து மூன்று மாதம் கழித்தும் மறதி அப்படியே இருந்தால், அப்போது ஞாபகப் பரிசோதனை செய்து பார்ப்பதில் பொருள் உண்டு. நடுக்கமும் அப்படியே. காரணமான மருந்தை நிறுத்திய மறுநாள் அது போய்விடாது. சில வாரங்களில் தணியத் தொடங்கும், முழுதாகத் தெளிய ஆறு மாதம்கூட ஆகலாம். அதற்கும் மேல் நின்றால் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மெடிக்கல் ‘செட்’

அட்டையைக் கத்தரித்து ஒரு காகிதப் பொட்டலத்தில் மூன்று நாலு மாத்திரைகளைப் போட்டுத் தருவதை ஊர்ப்பக்கம் ‘செட்’ என்கிறோம். மூட்டு வலி செட்டில் வழக்கமாக ஒரு வலி மாத்திரை, ஒரு ஸ்டீராய்டு, ஒரு கேஸ் மாத்திரை இருக்கும். ஸ்டீராய்டு இருப்பதால்தான் “அந்தக் கடை மருந்துதான் கேட்குது” என்ற பெயர் வருகிறது. செட் சாப்பிட்ட ஓரிரு நாளில் சுகர் எகிறும். அந்த நாளில் யாராவது சுகர் பார்த்து மாத்திரையைக் கூட்டியிருப்பார்கள். செட் இல்லாத நாளில் அதே மாத்திரை சுகரைக் கீழே தள்ளும். கூடவே அசெக்ளோஃபெனாக், ஆஸ்பிரின், செட்டுக்குள் இருக்கும் இன்னொரு வலி மாத்திரை என்று மூன்றும் ஒரே வயிற்றில் விழுகின்றன. ரத்தக் கசிவு வந்தால் எச்சரிக்கையாக வலி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல சமயம் முதலில் தெரிவது தார் மாதிரி கறுத்த மலம்தான்.

சிறுநீரகத்துக்கும் இது மோசமான கூட்டணி. டெல்மிசார்ட்டன், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே நேரத்தில் உடலில் இருக்கையில், இரண்டு நாள் வாந்தியோ பேதியோ வந்தால் போதும், சிறுநீரகம் நின்றுபோகலாம்.

செட் வாரத்துக்கு எத்தனை, எத்தனை மாதமாக என்பதை அம்மாவிடமிருந்து சண்டை போடாமல் கேட்டு வாங்குங்கள். தொடர்ந்து அடிக்கடி சாப்பிட்டிருந்தால் உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் அசதி, வாந்தி, பிரஷர் வீழ்ச்சி வரலாம். மருத்துவர் காலை எட்டு மணிக்கு ரத்தத்தில் அந்தச் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசாலைப் பார்க்கச் சொல்லலாம். லேகியத்துக்கும் இதே எச்சரிக்கை. சித்த மருந்து என்பதற்காக நான் அதைச் சந்தேகிக்கவில்லை. உரிமம் எண்ணும், உள்ளடக்கமும், தயாரித்த தேதியும் இல்லாத டப்பா என்பதற்காகச் சந்தேகிக்கிறேன். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. எல்லாவற்றையும் விட்டு சித்த மருந்துக்கு மாறுவது என்ற யோசனை, பதினான்கையும் ஒரே நாளில் நிறுத்துவதற்குச் சமம். அதைச் செய்யாதீர்கள். பட்டியல் சுருங்கிய பிறகு, தகுதி பெற்ற சித்த மருத்துவர் ஒருவரையும் பார்க்க வேண்டும் என்று அம்மா விரும்பினால், இந்தப் பட்டியலோடு போய்ப் பார்க்கட்டும்.

எதை, எந்த வேகத்தில்

முதலில் சுகர். ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி, மூன்று நாள் விடிகாலை மூன்று மணிக்கும், காலை வெறும் வயிற்றிலும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் பாருங்கள். 70-க்குக் கீழே ஒரே ஒரு முறை வந்தாலும் அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அந்த நேரத்தில் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் மறுபடி கொடுங்கள். ஏறியதும் இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும். கிளிமெபிரைடு நாள் முழுக்க வேலை செய்யும் மருந்து, ஏறிய சுகர் மறுபடி இறங்கும். அதனால் தனியாகப் படுக்க விடாதீர்கள். ஆள் மயக்கத்தில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108. மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, “இரவு வேளை கிளிமெபிரைடை நிறுத்தலாமா, சுகரைத் தரைதட்ட வைக்காத வேறு மருந்துக்கு மாறலாமா?”

இங்கே ஒரு விஷயம். அம்மா அமாவாசை, சஷ்டி, ஏகாதசி என்று விரதம் இருப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், ‘சாப்பாடு இல்லை, ஆனால் மாத்திரையை விடக் கூடாது’ என்று மாத்திரையை மட்டும் விழுங்கும் நாள்கள்தான் மிக ஆபத்தானவை. விரத நாளுக்குத் தனி மாத்திரைக் கணக்கை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது வலி. அசெக்ளோஃபெனாக்கை நிறுத்தினால் உடலுக்கு ஒரு கெடுதலும் வராது, வலி மட்டும்தான் வரும். அதற்கு மாற்று இல்லாமல் நிறுத்தச் சொன்னால் அம்மா நேராக மெடிக்கலுக்குத்தான் போவார். பாராசிட்டமால் 500 மி.கி. மூன்று வேளை, வலி வந்த பின் அல்ல, நேரத்துக்கு. இந்த எடைக்கு நாளொன்றுக்கு 2,000 மி.கி.யைத் தாண்ட வேண்டாம். அசெக்ளோஃபெனாக் மாத்திரையிலும் செட்டிலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம், அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முழங்காலில் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் ரத்தத்தில் அதிகம் கலப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டித் தொடையை இறுக்கி ஐந்து எண்ணும் பயிற்சி, காலுக்குப் பத்து, நாளுக்கு மூன்று முறை. கைத்தடியை வலி அதிகமுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் வலிக்கிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள், அதனால் பயன் குறைவு.

ஆஸ்பிரின் பற்றிக் கேட்டுவிடுங்கள். மாரடைப்பு, பக்கவாதம், ஸ்டென்ட் எதுவும் இல்லாத எழுபது வயதுக்காரர்களுக்கு ‘முன்னெச்சரிக்கை’ ஆஸ்பிரின் நன்மையை விட ரத்தக் கசிவையே அதிகம் தந்தது என்று 2018-இல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வு காட்டியது. இதய நோய் உள்ள பக்கத்து வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டுத் தன் ஆஸ்பிரினை நிறுத்திவிடக் கூடாது, அவர் கதை வேறு.

மூன்றாவது பிரஷர். அம்மா சாப்பிடுபவற்றில் பிரஷரைக் குறைக்கும் மருந்து மொத்தம் ஐந்து வகை, அதில் ஒன்று இரட்டை அளவு. ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிரஷர் பாருங்கள். பிறகு நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், அம்மா விழுந்ததற்கு வலுவான காரணம் ஒன்று கிடைத்துவிட்டது. இரட்டை அம்லோடிபினில் ஒன்றைக் கழிப்பதுதான் எளிய தொடக்கம். கழிக்க வேண்டியது அரசு அம்லோடிபின்தான். தனியார் மாத்திரையில் அம்லோடிபினோடு ஒட்டியிருக்கும் அட்டெனலால் திடீரென்று நிறுத்தக்கூடியது அல்ல, இதயத் துடிப்பும் பிரஷரும் துள்ளி எழும். வீக்கம் இறங்கியதும் ஃபுரோசமைடும், தலைசுற்றல் நின்றதும் சின்னரிசினும் தாமாகவே வேலையிழக்கும். கேஸ் மாத்திரையிலிருந்து லெவோசல்பிரைடு கலக்காத தனி ராபெப்ரசோலுக்கு மாற்றச் சொல்லலாம்.

ஒரு வாரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டு மூன்றை ஒன்றாக நிறுத்தினால் எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். சுகரும் வலி மாத்திரையும் மட்டும் இதற்கு விதிவிலக்கு, அவை காத்திருக்க முடியாதவை.

தூக்க மாத்திரை

இரவு விழுவதில் அல்பிரசோலத்துக்குப் பெரிய பங்கு இருக்கும் என்று நீங்கள் நினைப்பது சரி. ‘இன்றே நிறுத்திவிடலாம்’ என்பதுதான் தவறு. பதினொரு வருடம் பழகிய மூளையிலிருந்து அதை ஒரே நாளில் பிடுங்கினால் தூக்கமின்மையோடு நிற்காது. பதற்றம், நடுக்கம், இல்லாதவை தெரிதல், சில பேருக்கு வலிப்பே வரும். மற்றவை ஒழுங்கான பின், மருத்துவர் மேற்பார்வையில், 0.5-இலிருந்து 0.375, பிறகு 0.25, பிறகு 0.125, பிறகு நிறுத்தம். ஒவ்வொரு படியிலும் இரண்டிலிருந்து நான்கு வாரம். 0.25 மாத்திரை ஒன்றும் அதில் பாதியும் சேர்ந்தால் 0.375. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் சில இரவுகள் தூக்கம் கெடும். அந்த நாள்களில் மேலே ஏறக் கூடாது, அதே படியில் நின்று கொள்ளலாம். மூன்று நான்கு மாதம் ஆகட்டும், அவசரமில்லை. பாதியில் நின்று 0.25-இலேயே இருந்துவிட்டாலும் அது தோல்வி அல்ல. பகல் தூக்கத்தை அரை மணிக்குள் வைப்பதும், மூன்று மணிக்கு மேல் காபி இல்லாததும், நீர் மாத்திரையைக் காலையில் மட்டும் தருவதும் இதற்குத் துணை.

இது சட்டப்படி ஹெச்-1 பட்டியல் மருந்து. 2014 மார்ச்சிலிருந்து, விற்கும் கடை நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். வீடியோ ஆலோசனையில் இதை எழுதித் தரவும் விதி அனுமதிக்காது. பழைய சீட்டைக் காட்டியோ காட்டாமலோ வருடக்கணக்கில் கொடுத்துவந்த கடை, செய்யக் கூடாததைச் செய்தது. ஆனால் இப்போதே மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுத்துக் கடையை நிறுத்தினால் அம்மாவின் மருந்தும் ஒரே நாளில் நின்றுவிடும். குறைக்கும் திட்டத்துக்கு மருத்துவரின் புதுச் சீட்டு கையில் வந்த பிறகு அதைப் பாருங்கள். அதுவரை எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். செட்டுக்கு பில் கேட்டாலே பாதிக் கடைகளில் செட் நின்றுவிடும்.

ஒளித்து வைக்கலாமா?

கூடாது. அம்மா சுயநினைவோடு, தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுப்பவர். அவருக்குத் தெரியாமல் மாத்திரையை எடுப்பதும், காபியில் கலந்து கொடுப்பதும் அவருடைய உரிமையை மீறுவது. நடைமுறையிலும் பலிக்காது. ஒன்று காணாமல் போனால் வேறு கடையில் வாங்குவார், அதையும் ஒளித்து வைப்பார், நீங்கள் போட்ட பட்டியல் அன்றே பொய்யாகிவிடும். ‘என் உடம்பு எனக்குத் தெரியும்’ என்பவரிடம், “இதை ஏன் சாப்பிடறே?” என்று கேட்காதீர்கள். “இது எதுக்கும்மா, இது வந்த அப்புறம் என்ன மாறிச்சு?” என்று கேளுங்கள். எந்த மாத்திரைக்குப் பின் கால் வீங்கியது, எதற்குப் பின் கை நடுங்கியது என்பதை உங்களைவிட அவர்தான் துல்லியமாகச் சொல்வார். அவருக்கு எது வேண்டும்? யாரையும் எழுப்பாமல் பாத்ரூம் போய்வருவதா, விடிகாலையில் குனிந்து கோலம் போடுவதா? அதைச் சொல்லி, “அதுக்குத் தடையா இருக்கறதை மட்டும் ஒவ்வொண்ணா கழிப்போம்” என்றால் பேச்சு நடக்கும். ஒரு காரணமும் இல்லாமல் நிறுத்தச் சொன்னால், மகள் செலவைக் குறைக்கிறாள் என்றுகூட முதியவர்களுக்குத் தோன்றும்.

மருத்துவரிடம் போகும்போது

எல்லாவற்றையும், லேகியம் உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒரு தாளில் மருந்தின் பெயர், அளவு, எதற்கு, யார் எழுதியது, எப்போதிலிருந்து, உண்மையில் எப்படிச் சாப்பிடுகிறார் என்று ஆறு பத்தி. கடைசிப் பத்தி மிக முக்கியம், ‘மூன்று வேளை’ என்று சீட்டில் இருப்பதை அவர் ஞாபகம் வந்தபோது சாப்பிடுபவராக இருக்கலாம். கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், ஹீமோகுளோபின், பி12, தைராய்டு இவற்றை முன்கூட்டியே பார்த்து வைத்தால் ஒரு நடை மிச்சம்.

“என் சீட்டைக் கேள்வி கேட்கிறாயா” என்று உள்ளூர் மருத்துவர் கோபிப்பார் என்று அஞ்ச வேண்டாம். எது வேண்டாம் என்று சொல்லாதீர்கள். “இத்தனை பேர் எழுதியது சேர்ந்துவிட்டது, நீங்கள் ஒருவரே முழுதையும் பார்த்துச் சொல்லுங்கள்” என்று கொடுங்கள். பெரும்பாலானோர் அதை மதிப்பார்கள். மருந்தின் மூலப் பெயரைப் புரியும் எழுத்தில் எழுத வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறையிலேயே உள்ளது, அதைத் தயங்காமல் கேட்கலாம். அவர் நேரம் தர முடியாதவரானால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சிலவற்றில் முதியோர் நலப் பிரிவு உண்டு. சென்னைக்கு அழைத்து வர முடிந்தால் கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. முதியோருக்கு எச்சரிக்கையாகத் தர வேண்டிய மருந்துகளுக்கென்றே பியர்ஸ் பட்டியல் என்று ஒன்று 1991-இலிருந்து இருக்கிறது, 2023-இல் திருத்தப்பட்டது. உங்கள் துண்டிலிருந்து குறைந்தது நான்கு அதில் இடம்பெறும். அது தடைப் பட்டியல் அல்ல. மருத்துவர் முன் அதை நீட்டி வாதாட வேண்டாம்.

பட்டியல் சுருங்கிய பிறகு, ஏழு நாளுக்கு நாலு அறை கொண்ட மாத்திரைப் பெட்டி வாங்குங்கள். ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பில் நீங்கள் பார்க்க, அம்மாவே நிரப்பட்டும். அல்பிரசோலமும் எப்போதாவது சாப்பிடும் மாத்திரைகளும் பெட்டிக்குள் போகக் கூடாது. அட்டையைக் கத்தரிக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள ஓரத்தைக் கடைசிவரை விட்டு வையுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு இனி ஓய்வு. விழுங்கச் சிரமம் என்று மாத்திரையைப் பொடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். ராபெப்ரசோலைப் பொடித்தால் வயிற்று அமிலத்திலேயே வீணாகும். மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மினைப் பொடித்தால் முழு அளவும் ஒரே நேரத்தில் இறங்கும்.

கறுத்த மலம், ரத்த வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், தலையில் அடிபட்ட விழுகை, அரை நாளாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் எது வந்தாலும் மேலே சொன்ன வாரக் கணக்கெல்லாம் கிடையாது. பையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைதான்.

கடைசியாக அப்பா. “தூக்கம் வராத அன்று அம்மாவின் மாத்திரையில் பாதி வாங்கிக்கொள்வார்” என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்திருக்கிறீர்கள். 82 வயதில், பழக்கமே இல்லாத உடம்புக்கு அந்தப் பாதியே இரவில் விழச் செய்யப் போதும். அவருக்கு புராஸ்டேட் தொந்தரவு இருந்தால், ஜலதோஷத்துக்கு மெடிக்கலில் தரும் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரையும் சிறுநீரை அடைத்துவிடும். அவருடைய மருந்துகளை இன்னொரு பையில் போட்டு, பையின் மேல் பெரிதாக அவர் பெயரை எழுதி, அதே நாளில் அவரையும் அழைத்துப் போங்கள்.